70 வளைவுக்குள் ஆவியாகும் சாட்சி

கால்நடை பராமரிப்புத் துறைக்கு,

காலையில் அசைபோட்டுக்கொண்டிருந்த மாடு உச்சிவேளைக்குள் நுரை தள்ளிச் சாய்ந்தால், அதற்கு 'மர்ம நோய்' என்று பெயர் வைப்பது எல்லோருக்கும் தோதாக இருக்கிறது. பத்திரிகைக்குத் தலைப்பு கிடைக்கிறது, படிவத்தில் காரணம் கேட்கும் கட்டம் நிரம்புகிறது, மாட்டுக்காரர் பழியைக் குலசாமிமேல் போட்டுக்கொள்கிறார். மர்மம் என்றான பிறகு யாரும் எந்த மருந்தையும் வாங்கி வைக்க வேண்டியதில்லை. கொல்லிமலையில் மட்டும் இந்த நல்ல ஏற்பாட்டுக்கு ஓர் இடைஞ்சல்: முதலில் சந்தேகப்பட வேண்டிய ஆள் ஒளியாமல் மறையாமல் காடுகாடாக நிற்கிறான். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியைச் சொல்கிறேன். சாமையும் கேழ்வரகும் விளைந்த நிலத்தில் பெரும்பங்கைச் சேகோ ஆலைகளுக்காகப் பிடித்துக்கொண்ட பயிர். அதன் இலையிலும் கிழங்குத் தோலிலும் லினமரின் என்ற சேர்மம் இருக்கிறது. மாடு மென்று விழுங்கியதும் அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு பிரிகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் உடம்பால் அதை எடுத்துக்கொள்ள முடிவதில்லை. மூச்சுத் திணறிச் சாகும் மாட்டின் ரத்தம் பளிச்சென்று சிவந்திருப்பது அதனால்தான். அளவு மிஞ்சினால் ஒரு மணி நேரத்துக்குள் கதை முடிந்துவிடும்.

சயனைடு அலுவலக நேரம் பார்ப்பதில்லை. மாடு செத்த பிறகும் காத்திருப்பதில்லை. இரைப்பையில் இருக்கும் நஞ்சு காற்றோடு போய்விடும் குணம் உடையது. மாதிரியை உடனே எடுத்து, காற்றுப் புகாமல் மூடி, உறைய வைத்தால்தான் ஆய்வகத்தில் ஏதாவது தெரியும். சாவகாசமாக எடுத்த மாதிரி அடிவாரத்துக் காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல் சேர்வதற்குள் சாட்சி பிறழ்ந்துவிடுகிறது. 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கும் ஊர் நாமக்கல். அந்தக் கல்லூரிக்குக் குச்சிக்கிழங்கு இலையின் நஞ்சைப் பற்றிப் பாடம் எடுக்க யாரும் தேவையில்லை. தேவைப்படுவது, மாடு கிடக்கும் இடத்திலேயே நீட்டிப் பார்க்க ஒரு துண்டு மஞ்சள் காகிதம். சோடியம் பிக்ரேட்டில் தோய்த்த அந்தக் காகிதத்தை இரைப்பைத் தீனி போட்டு மூடிய குப்பிக்குள் தொங்கவிட்டால், சயனைடு இருக்கும்போது செங்கல் நிறத்துக்கு மாறும். இவ்வளவு மலிவாக மர்மம் உடைவது துறையின் கௌரவத்துக்குக் குறைவுதான், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

'பச்சை இலையைப் போடக் கூடாதென்று மலைவாசிகளுக்குத் தெரியாதா?' என்று கேட்பீர்கள். நன்றாகவே தெரியும், மாட்டுக்குத்தான் தெரியாது. மேய்ச்சல் நிலம் சுருங்கிய இடத்தில், கயிறு அறுத்த மாடு வரப்புக்கு அந்தப்பக்கம் உள்ள காட்டைத்தான் பார்க்கும். வெயிலில் உலர்த்தினால் நஞ்சு குறையும் என்பதும் உண்மை. மழைநாளில் வெயிலுக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று சுற்றறிக்கையில் சேர்த்துவிடுங்கள். 'எல்லாச் சாவும் கிழங்கால் அல்லவே' என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். சப்பை நோய் உண்டு, தொண்டை அடைப்பான் உண்டு, பாம்புக்கடியும் உண்டு. ஆந்த்ராக்ஸ் எனும் அடைப்பானாக இருந்தால் பிணத்தை அறுக்கவே கூடாது; அறுத்தால் கிருமியின் வித்து மண்ணில் பல பத்தாண்டு கிடக்கும். ஆகவே காதோரத்துச் சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி முதலில் ஆந்த்ராக்ஸா என்று பார்த்துவிட்டு, அப்புறம் மஞ்சள் காகிதத்துக்கு வரலாம். இந்த ஆட்சேபம் என் கோரிக்கைக்கு வக்காலத்து வாங்குகிறதே ஒழிய, எதிர்த்து வாதாடவில்லை.

மருந்து விஷயத்தில் மட்டும் உங்கள் எச்சரிக்கை நியாயமானது. சயனைடுக்கு முறிவு மருந்தான சோடியம் நைட்ரைட் கை தவறினால் அதுவே கொல்லும். மருத்துவர் கையில்தான் இருக்க வேண்டும். 1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வண்டி வரும். ஆனால் வாழவந்தி நாடு, சேலூர் நாடு என்று சிதறிக் கிடக்கும் ஊர்களுக்குச் சயனைடை முந்திக்கொண்டு வர எந்த ஓட்டுநராலும் ஆகாது. கூட்டாளி மருந்தான சோடியம் தயோசல்பேட் அத்தனை பொல்லாதது அல்ல. ஊசியாகப் போடுவது மருத்துவர் வேலை. ஆனால் விழுங்கும் நிலையில் உள்ள மாட்டுக்கு நீரில் கரைத்து வாய்வழி கொடுத்தால், இரைப்பையில் மிச்சமிருக்கும் நஞ்சையாவது கட்டும். அந்தக் கொஞ்ச நேரம்தான் வண்டிக்குத் தேவை. ஊருக்கு ஒருவருக்கு அளவும் முறையும் பழக்கிக் கொடுத்து, ஒரு டப்பா உப்பை ஒப்படைத்தால் போதும். பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் ஹைப்போ என்று பிலிம் கழுவினார்களே, அதே உப்பு. ஆடிட்டில் ஆட்சேபம் வருமென்று பயந்தால், புகைப்படச் செலவு என்றே கணக்கு எழுதிக்கொள்ளுங்கள். அதிகாரிகள் வருகையைப் படம் எடுக்கும் செலவுக்கு இதுவரை யாரும் கேள்வி கேட்டதில்லை.

இப்படிக்கு,
மர்மத்தில் நம்பிக்கை இழந்த ஒரு வரிதாரர்