தியரியா, ரிவிஷனா, பேப்பரா?

சாதாரண தரப் பெறுபேறு வந்ததிலிருந்து ஹட்டன் டவுனில் நிம்மதியாக ஒரு பிளேன்டீ குடிக்க முடியவில்லை. அக்கா மகனுக்குக் கணிதத்தில் ஏ. இந்தச் செய்தி எப்படியோ நோர்வூட் தாண்டிப் பொகவந்தலாவை வரை போய்விட்டது. எதிர்ப்படுகிறவர் எல்லோருக்கும் ஒரே விசாரணை. "தம்பி மெட்ஸ்தானே?" ஆமாம் என்றால், "எந்த சேர்கிட்ட?" அதற்கும் மழுப்பினால், "தியரியா, ரிவிஷனா?"

இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பையன் வகையீடு என்ற சொல்லையே இன்னும் காதால் கேட்கவில்லை. அவனுக்கு எதற்கு ரிவிஷன்? "இப்பவே சேர்த்து விட்ருங்க அண்ணே, பொறகு எடம் கெடைக்காது" என்கிறார்கள். படிக்காததை மீட்டிப் பார்க்க இடம் கிடைக்காதாம்.

ஆகவே இணைந்த கணிதத்துக்கு எந்த வகுப்பு சரி என்பதை ஒரேயடியாகச் சொல்லி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் உயர்தரத்தில் கலைப்பிரிவு. அரசியல் விஞ்ஞானம், தமிழ், இந்து நாகரிகம். எனவே முழுத் தகுதி உண்டு. நம் பக்கம் கம்பைன் மெட்ஸ் பற்றி ஆலோசனை சொல்கிற யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. படித்தவர்கள் வாயே திறப்பதில்லை.

முதலில் துண்டுப்பிரசுரத்தை வாசிக்கப் பழக வேண்டும். கோயில் திருவிழா நோட்டீசுக்கும் மே தினப் போஸ்டருக்கும் நடுவில் சேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஹட்டன் குளிருக்குப் பொருத்தமாகக் கோட். பின்னால் மின்னல். மின்னலுக்குள் படமெடுத்த பாம்பு மாதிரி ஒரு தொகையீட்டுக் குறி. பெயருக்கு முன்னால் புயல், சிகரம், சிங்கம் என்று ஏதாவது ஒன்று. பெயருக்குப் பின்னால் பட்டம். கீழே வகுப்புப் பட்டியல். அதில் பிள்ளைகளுக்குப் பெயர் இல்லை, வருடம்தான். வரும் வருடக்காரருக்கு ரிவிஷன், அதற்கடுத்த வருடக்காரருக்குத் தியரி. ரிவிஷன் பாதியில் நிற்கும்போதே பேப்பர் கிளாஸ் தொடங்கும். பேப்பர் கிளாஸுக்குள் ஸ்பீட் பேப்பர் என்று ஒன்று இருக்கிறது. அதை மெதுவாகச் செய்தால் காசு திரும்பக் கிடைக்குமா என்று விசாரித்தேன், சிரிக்கவில்லை. பிறகு மாதிரி வினாத்தாள், அதற்கு விளக்க வகுப்பு, அந்த விளக்கத்துக்கு ஒரு டியூட். பரீட்சை நெருங்கினால் இறுதிக் கருத்தரங்கு. அது முடிந்த மறுகிழமை "மாபெரும் இறுதிக் கருத்தரங்கு." முதலாவது எதற்கு இறுதி என்று யாரும் கேட்பதில்லை. செகண்ட் ஷைகாரருக்குத் தனி வகுப்பு. தேர்ட் ஷைகாரருக்கு அதே வகுப்பு, பின்வாங்கு.

இதெல்லாம் ஒரு சேருடைய கணக்கு. சேர்மார் இரண்டு பேர் வேண்டும், பியூருக்கு ஒருவர், அப்ளைட்டுக்கு ஒருவர். முன்பு உயர்தரத்தில் நான்கு பாடம். தூய கணிதமும் பிரயோக கணிதமும் தனித்தனியாக இருந்தன. 2000ஆம் ஆண்டோடு பாடங்களை மூன்றாக்கி, இரண்டையும் ஒட்டி இணைந்த கணிதம் என்றார்கள். அரசாங்கம் ஒட்டியதை டியூசன்காரர்கள் பிய்த்து இரண்டு கட்டணமாக்கிவிட்டார்கள். இலவச அறிமுக வகுப்புக்கும் பையனோடு போயிருந்தேன். எல்லை பற்றி ஆரம்பித்த சேர், தன்னிடம் படித்து மொறட்டுவைக்குப் போனவர்களைச் சொல்லத் தொடங்கி எல்லையே இல்லாமல் போனார்.

நம்மவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பிரான்சில் லோபிதால் என்றொரு பிரபு இருந்தார். யோகான் பெர்னூலியை வைத்து நுண்கணிதம் படித்தார். 1694இல் ஓர் ஒப்பந்தம்: வருடத்துக்கு 300 லீவர் தருகிறேன், நீ கண்டுபிடிப்பதை எனக்கு மட்டும் சொல், வேறு யாருக்கும் சொல்லாதே. 1696இல் பிரபு தம் நூலை வெளியிட்டார். நுண்கணிதத்துக்கென அச்சேறிய முதல் பாடநூல் அதுதான்; அதாவது, டியூட். பிரபு செத்த பிறகுதான் சேர் வாயைத் திறந்து, அதில் உள்ளதெல்லாம் என்னுடையது என்றார். அந்தப் பிரபுவின் பெயரில் ஒரு விதி இருக்கிறது. அதை விடைத்தாளில் எழுதினால் புள்ளி கிடைக்காது என்று நம் சேர்மார் மிரட்டுகிறார்கள்.

வினாத்தாள் இரண்டு, ஒவ்வொன்றும் மூன்று மணித்தியாலம். முதற்பகுதியில் 10 வினாவும் கட்டாயம், இரண்டாவதில் 7இல் 5 செய்தால் போதும். எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிவு என்று உண்மையாகக் கிடைப்பது அந்த இடத்தில் மட்டும்தான். உயர்தரக் கணிதம் உள்ள தமிழ்ப் பாடசாலைகளை இந்த மாவட்டத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். தேடிப் பிடித்தாலும் வாத்தியார் இடமாற்றத்துக்கு எழுதிப் போட்டுவிட்டுத்தான் வகுப்புக்குள் வருவார். சூம் வகுப்பு என்றால், சிக்னலுக்காகப் பையன் கொழுந்து மலை உச்சிக்கு ஏற வேண்டும். அங்கே மழை பிடித்துக்கொண்டால் அப்ளைட் முழுக்க நனைந்துபோகும்.

இதைச் சொன்னால் உடனே, "நுவரெலியாவுக்கு வெட்டுப்புள்ளி குறைவுதானே, பிறகென்ன?" என்று ஆறுதல் சொல்ல ஆளிருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை, 55 வீதம் மாவட்டக் கணக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் 16இல் நாமும் உண்டு. பின்தங்கியவன் என்று பட்டியலில் பெயர் போட்டதையே பரிசு கொடுத்த மாதிரிப் பேசுகிறார்கள். அந்தப் பரிசுக்காகவே வெளி மாவட்டத்திலிருந்து வந்து இங்கே பரீட்சை எழுதுகிறார்கள் என்ற புகார் மலையகத்தில் எத்தனையோ வருடமாக ஓடுகிறது. வருகிறவர்கள் அங்கே தியரி, ரிவிஷன், பேப்பர் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வருகிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அக்காவிடம் துண்டுப்பிரசுரங்களைப் பரப்பிக் காட்டினேன். தலைப்புகளை அவள் பார்க்கவே இல்லை. அடியில் இருந்த கட்டணத்தை மட்டும் பார்த்தாள். அத்தனை காசுக்கு எத்தனை கிலோ கொழுந்து வேண்டும், தண்ணிக்கென்று கழிக்கிற கிலோ போக மிச்சம் எவ்வளவு, மழை நாளில் அரைப் பேர் போட்டால் எவ்வளவு குறையும் என்று மனதிலேயே கூட்டிக் கழித்து, "ஒரு சேர்தான் முடியும்டா, எந்தப் பாதிய விடலாம்னு நீ சொல்லு" என்றாள். பியூரை விடலாமா, அப்ளைட்டை விடலாமா என்று இந்து நாகரிகம் படித்தவனிடம் கேட்டால்?

சரி, எந்த வகுப்பு என்று சொல்வதாக ஒப்புக்கொண்டேன் இல்லையா. அதையே யோசித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பையன் கையிலிருந்த டியூட்டைக் கண்ட கண்டக்டர், டிக்கட்டைக் கிழித்துத் தந்துவிட்டு, "அண்ணே, தியரி எல்லாம் சும்மா, நேரா பேப்பர் கிளாஸ்ல போடுங்க" என்றார். பின்னால் இருந்த ஒருவர் அதை மறுத்தார். டிக்கோயா வரை இருவரும் வாதாடினார்கள். என் மிச்சக் காசு இன்னும் வரவில்லை.