துணி அச்சேறிய வைபவம்

மிஞ்சிய துணிகளை ஒட்டுப்போட்டுப் போர்வையாக்கும் சிக்கன சாஸ்திரம் அமெரிக்காவில் இன்று எத்தகைய அபிவிருத்தி அடைந்திருக்கிறதென்றால், தையற்கோடுகளைக் கையால் வரைவது கௌரவக் குறைவென்று கருதும் கலாரசிகர், இறைச்சி பொதிவதற்கென ஒருபுறம் பிளாஸ்டிக் பூசிய தாளை இஸ்திரிப் பெட்டியின் உஷ்ணத்தால் துணியின் முகப்பில் ஒட்டி, 8½ அங்குல அகலமும் 11 அங்குல நீளமுமாகக் கத்தரித்து, காகிதந்தானென்று சத்தியம் செய்யாத குறையாக இங்க்ஜெட் யந்திரத்தின் வாயில் ஊட்டுகிறார். யந்திரமோ, தாளுக்குள் அடக்கிவிடும் பரோபகார சிந்தையால் 100 சதவீத அளவைச் சற்றே சுருக்கிவிட, கால் அங்குலத் தையல் விளிம்பைத் தெய்வமாகத் தொழும் அச்சமூகத்தில் அது மகாபாதகமாகிறது. துணியின் முதுகில் அச்சிட்ட சித்திரம் முகப்பில் இடவலம் மாறி உதயமாகும் என்பது அடுத்த ஞானம். (லேசர் யந்திரத்தின் உஷ்ணத்தில் அந்தப் பிளாஸ்டிக் உருகக்கூடும் என்பது, சற்று அதிக விலையுள்ள ஞானம்.) பென்சிலும் ஸ்கேலும் மேஜை டிராயரிலேயே இருக்கின்றன, துணி உள்ளே சிக்கிக்கொண்டால் நெம்பி எடுக்க அந்த ஸ்கேல் வெகு உபயோகம்.