டிஸ்கஸ்காரர்

கலர் மீன் வளர்ப்போரில் தனி இனம் டிஸ்கஸ்காரர். வங்கி, மென்பொருள் நிறுவனம், அரசு அலுவலகம் என எங்கும் தென்படுவார் என்றாலும், சென்னையில் கொளத்தூர் கலர் மீன் கடைகளுக்கு ஸ்கூட்டரில் எட்டும் தூரத்தில் அடர்த்தி அதிகம். ஆண்களே மிகுதி, வயது முப்பத்தைந்துக்கு மேல். பார்வைக்கு மற்ற குடும்பத் தலைவர்களைப் போலத்தான் இருப்பார். வலது கைச் சட்டை மட்டும் முழங்கை வரை நனைந்திருக்கும். விரல் நுனிகள் ஊறிச் சுருங்கியிருக்கும்.

இவர் வளர்க்கும் மீன், தட்டை நிமிர்த்தி வைத்தாற்போன்ற வட்ட உடம்புக்காரன். நன்றாக வளர்ந்தால் 15 முதல் 20 செ.மீ. வரும். பூர்விகம் அமேசான் ஆற்றுப் படுகை. ஆஸ்திரிய விலங்கியலாளர் யோஹான் யாக்கோப் ஹெக்கெல் 1840இல் இதற்குச் சிம்ஃபைசோடான் டிஸ்கஸ் என்று அறிவியல் பெயர் வைத்தார். குடும்பம் சிக்லிட். ஏரிக்கரையில் கூறு கட்டி விற்கிற ஜிலேபி மீனும் அதே குடும்பம்தான். இந்தச் சொந்தத்தை டிஸ்கஸ்காரரின் காதுபட யாரும் சொல்லக் கூடாது. ஜிலேபி எந்தக் குட்டையில் விட்டாலும் பிழைத்துப் பேரன் பேத்தி எடுத்துவிடும். டிஸ்கஸுக்குத் தண்ணீர் இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்தாலே சாப்பாடு இறங்காது.

யாரும் பிறக்கும்போதே டிஸ்கஸ்காரராகப் பிறப்பதில்லை. கப்பியில் தொடங்கி, கோல்டு ஃபிஷ்ஷில் நாலைந்தைச் சாகக் கொடுத்து, ஏஞ்சலில் கொஞ்சம் தேறி, பிறகுதான் இந்தப் பருவத்துக்கு வருவார். பருவமாற்றம் பெரும்பாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும். பிள்ளையின் கப்பிக்குத் தீனி வாங்கப் போன இடத்தில், கடையின் உள்ளறையில் தனியாக வெளிச்சம் போட்ட தொட்டி ஒன்று இருக்கும். அதற்குள் சிவப்பும் நீலமுமாக ஏழெட்டுத் தட்டுகள் ஒரே நேரத்தில் திரும்பி இவரைப் பார்க்கும். மற்ற மீன்கள் ஆளைப் பார்ப்பதில்லை, டிஸ்கஸ் பார்க்கும். அரை மணியில் வீடு திரும்பியிருக்க வேண்டியவர் மதியச் சாப்பாட்டைத் தாண்டித் திரும்புவார்.

விலை விஷயத்தில் இந்த இனம் முழுக்க ஒரே விதியைப் பின்பற்றுகிறது: வீட்டில் சொல்லும் விலை, கடையில் கொடுத்த விலையைவிட ஒரு பூஜ்யம் குறைவு. நாலாயிரம் ரூபாய் மீன் வாசற்படி தாண்டியதும் நானூறு ரூபாய் மீனாகிவிடும். அந்த நானூறுக்கே வீட்டுப் பெரியவள், "இதென்ன, வவ்வால் மீன் மாதிரி இருக்கு. வறுத்தா ஒருத்தருக்குக்கூடக் காணாதேப்பா?" என்பாள். இந்தப் பூஜ்யத்தைப் பிறகு ஆண்டுக்கணக்கில் கட்டிக் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

முதல் செலவு தொட்டி. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் சுமார் 255 லிட்டர் கொள்ளும். தண்ணீரின் எடை மட்டும் 255 கிலோ. கண்ணாடியும் இரும்பு ஸ்டாண்டும் சேர்ந்தால் 300ஐத் தாண்டும். மாடி வீட்டில் குடியிருப்பவர் இந்தக் கணக்கை வீட்டு உரிமையாளரிடம் சொல்வதில்லை. தொட்டியின் அடியில் மணலோ கூழாங்கல்லோ போடாமல் வெறும் கண்ணாடியாகவே விடுவது டிஸ்கஸ்காரர் வழக்கம், கழிவைக் குழாய் விட்டு உறிஞ்சி எடுப்பதற்காக. பார்க்க வருகிறவர்கள் இதை ஏதோ பணமுடை என்று எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்து வருவது காலித் தொட்டிப் பருவம். மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றும், அது விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும்; அதன் வீரியம் மிகக் குறைவு, தண்ணீர் மாற்றும்போது போய்விடும். இந்த இரண்டு பாக்டீரியாக்களும் ஃபில்டரில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை டிஸ்கஸை விடலாகாது. ஆகவே கூடத்தில் விளக்கு எரியும், மோட்டார் ஓடும், நுரை பொங்கும், மீன் மட்டும் இருக்காது. "மீனெங்கேப்பா?" என்று வருகிற மாமாவுக்கு, "தண்ணி ரெடியாகுது மாமா" என்று பதில். மாமா கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்ப்பார். பிறகு சமையலறைப் பக்கம் போய், "மாப்பிள்ளைக்கு ஆபீஸ்ல ஏதும் பிரச்சனையாம்மா?" என்று தாழ்ந்த குரலில் கேட்பார். இந்த ஐந்து வாரம் பொறுத்தவர்கள் குறைவு. ஒன்பதாம் நாளே மீனை இறக்கிவிட்டுப் பதினோராம் நாள் கொளத்தூரில் மறுபடி நிற்பவர்களே அதிகம்.

மீனை வளர்க்க வந்தவர் இந்தக் கட்டத்தில் தண்ணீர் வளர்ப்பவராகிவிடுகிறார். டிஸ்கஸுக்கு உப்பு குறைந்த மென்னீர் பிடிக்கும், பி.எச். 6க்கும் 7க்கும் நடுவே இருந்தால் நல்லது. சென்னையின் பல தெருக்களில் போர்த் தண்ணீரின் டி.டி.எஸ். ஆயிரத்தைத் தாண்டும். மெட்ரோ தண்ணீரிலோ குளோரின். அதற்கு ஆன்டி-குளோரின் என்று சோடியம் தயோசல்பேட் கரைசல் சொட்டுக் கணக்கில் விட வேண்டும். பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் சட்டைப் பையில் ஏறும். முதலில் வீட்டுக் குழாய், பிறகு பக்கத்து வீட்டுக் குழாய், பிறகு அலுவலகக் கேன். கல்யாணப் பந்தியில் இலைக்கு இலை வைத்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து மீட்டரை விட்டுப் பார்த்து, "நாற்பத்திரண்டு. அருமையான தண்ணி" என்று பெண் வீட்டாரைப் பாராட்டியவரும் உண்டு. வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் சொட்டுச் சொட்டாகத் தருவதில் முதல் உரிமை தொட்டிக்கு. அது நிறைந்த பிறகு குழந்தைகளுக்கு.

அமேசானின் கிளையான ரியோ நீக்ரோவில் தண்ணீர் பால் விடாத தேநீர் நிறத்தில் ஓடும்; உதிர்ந்த இலைதழைகளின் சாறு இறங்கியதால் வந்த நிறம். அதே சாற்றுக்காக நாட்டு பாதாம் மரத்தின் காய்ந்த இலையைத் தொட்டியில் போடுகிறார்கள். சென்னைத் தெருக்களில் இந்த மரத்துக்குப் பஞ்சமில்லை. காலை ஆறு மணிக்குத் தூய்மைப் பணியாளர் குவித்து வைத்த சருகுக்கு முன் டிஸ்கஸ்காரர் குந்தி உட்கார்ந்து, ஓட்டையில்லாத, பறவை எச்சம் படாத, செம்பழுப்பு இலைகளாகப் பொறுக்குவார். முதுகுப் பக்கமும் திருப்பிப் பார்ப்பார். "குப்பையை எதுக்கு சார் எடுத்துட்டுப் போறீங்க?" என்ற கேள்விக்கு "மருந்துக்கும்மா" என்பார். மறுநாள் அந்த அம்மாள் நல்ல இலையாகப் பார்த்துத் தனியே ஒரு பையில் கட்டி வைத்திருப்பாள், யாருக்கு உடம்பு சரியில்லையோ என்ற கவலையோடு.

வெப்பம் 28 முதல் 30 டிகிரி வரை வேண்டும். சென்னையில் பாதி ஆண்டுக்கு மேல் இது தானாகவே வந்துவிடுகிறது; அமேசானுக்கும் சென்னைக்கும் அமைந்த ஒரே பொருத்தம் இதுதான். மார்கழியில் ஹீட்டர் அவசியம். மின்கட்டணத்தைக் காரணம் காட்டிப் பிள்ளைகள் கீசர் போடுவதை நிறுத்திய அதே கை, தொட்டி ஹீட்டரை இரவு பகலாக எரியவிடும். மின்வெட்டு வந்தால் நிலைமை வேறு. சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவாகவே கரைந்திருக்கும். காற்று பம்ப்பும் நின்றுவிட்டால் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். இன்வெர்ட்டரில் இருப்பது ஒரே ஒரு இணைப்பு என்றால் அது மாமியார் அறை மின்விசிறிக்கா, பம்ப்புக்கா என்பதை மாமியார் தூங்கியதை உறுதிசெய்துகொண்டு முடிவெடுப்பவர் இவர்.

மீனின் ரகப் பெயர்களால் வரும் தொல்லை தனி. கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் பண்ணையில் பிறந்தவை, அமேசானைக் கண்ணால் கண்டதில்லை. தாய்லாந்தில் உருவாக்கிய பிஜன் பிளட், அப்புறம் புளூ டயமண்ட், ஸ்நேக் ஸ்கின், லெப்பர்டு என்று போகும். சிவந்த ரகம் ஒன்றுக்கு மார்ல்போரோ ரெட் என்று பெயர். வாழ்நாளில் சிகரெட்டைத் தொடாத மனிதர் பால்கனியில் நின்று கைப்பேசியில், "நாலு மார்ல்போரோ எடுத்து வை, சாயங்காலம் யாருக்கும் தெரியாம வந்து வாங்கிக்கிறேன்" என்று பேசியதைக் கேட்டுத் தாயார் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருக்கிறார்.

ஒற்றை மீனாக வாங்கலாகாது, இரண்டும் கூடாது. டிஸ்கஸ் கூட்டமாக வாழும், கூட்டத்துக்குள் மேல் கீழ் பார்க்கும். இரண்டு மட்டும் இருந்தால் பெரியது சின்னதை மூலையில் தள்ளியே கொன்றுவிடும். ஐந்தாறு இருந்தால் அடி பங்கு போட்டு விழும். அதில் ஒன்று நாட்டாமையாகி, தீனி விழும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கடைசி இடத்தில் இருப்பது உடம்பு கறுத்து ஃபில்டருக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும். அலுவலகத்தில் தன் இடம் எது என்று தெரிந்த டிஸ்கஸ்காரருக்கு அந்த மீன்மேல்தான் பாசம் அதிகம். அதற்கென்று தனியாக ஒரு கை தீனி போடுவார். அதையும் நாட்டாமையே தின்னும்.

தீனியில்தான் குடும்ப அமைதி குலையும். குட்டி டிஸ்கஸ் ஒரு நாளைக்கு நாலைந்து வேளை சாப்பிட்டால்தான் வட்டமாக வளரும். பட்டினி போட்டால் கண் மட்டும் பெரிதாகி உடம்பு குறுகி நின்றுவிடும். உலகெங்கும் இவர்கள் நம்பும் உணவு பீஃப் ஹார்ட், அதாவது மாட்டின் இதயம். கொழுப்பு குறைந்த தசை என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். கொழுப்பையும் நரம்பையும் சீவி எடுத்து, இறாலும் கீரையும் பூண்டும் சேர்த்து அரைத்து, தட்டையாகப் பரப்பி ஃபிரீசரில் உறைய வைக்க வேண்டும். முட்டைகூட நுழையாத வீட்டு டிஸ்கஸ்காரர் இதற்காகவே அலுவலக நண்பர் வீட்டில் அரைத்து, வெனிலா ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுக் கொண்டுவருவார். விடுமுறைக்கு வந்த அக்காள் மகன் ஐஸ்கிரீம் தேடி ஃபிரீசரைத் திறக்கும் மதியம்வரை அது பாதுகாப்பான ஏற்பாடு. அதற்குப் பிறகு உறைந்த ரத்தப்புழு. அது வேறு டப்பா, வேறு கூச்சல்.

நோய் என்று வந்தால் இவர் மருத்துவராகிவிடுவார். டிஸ்கஸின் கழிவு கறுத்துத் திரண்டிருந்தால் ஆரோக்கியம். வெள்ளை நூலாகத் தொங்கினால் குடலில் ஒட்டுண்ணி என்று சந்தேகம். ஆகவே காலை எழுந்ததும் டார்ச் அடித்து அதைத்தான் பார்ப்பார். மூன்றாம் வகுப்பு மகனுக்கு இரண்டு நாளாக வயிறு சரியில்லை என்பது அவருக்குத் தெரியாது. இதில் வேடிக்கை, மனிதருக்கு அமீபா வயிற்றுப்போக்குக்குத் தரும் மெட்ரோனிடசோல்தான் அந்த மீனுக்கும் மருந்து. மெடிக்கல் ஷாப்பில் நின்று, "வயித்துக்குத்தான், ஆமா... எடையா? நூத்தம்பது கிராம் இருக்கும்" என்று உளறிவிட்டுத் திரும்பி வந்தவரிடம், வீட்டில் இருந்த பட்டை எப்படித் தீர்ந்தது என்று யாரும் கேட்காமல் இருந்தால் அதிர்ஷ்டம்.

ஆண் பெண் வித்தியாசம் பார்த்துச் சொல்ல முடியாத மீன் இது. நெற்றி அகலம், துடுப்பு நீளம் என்று ஆளுக்கு ஒரு லட்சணம் சொல்வார்கள்; உறுதியாகத் தெரிவது முட்டையிடும்போதுதான். ஜோடி என்று சத்தியம் செய்து விற்ற இரண்டும் பெண்ணாகி, இரண்டும் ஒரே மண் கூம்பில் முட்டையிட்ட நிகழ்ச்சிகள் சாதாரணம். உண்மையான ஜோடி அமைந்தால் கூம்பைக் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்யும், உடம்பை நடுக்கிக் காட்டும், வரிசை வரிசையாக முட்டையை ஒட்டும். அன்றிலிருந்து வீட்டில் கதவைச் சாத்தக்கூடாது, பிள்ளைகள் பந்து உருட்டக்கூடாது, இரவு விளக்கை அணைக்கக்கூடாது. இரண்டரை நாளில் பொரிய வேண்டிய முட்டையை, முதல் தடவை பெற்றோர் இரண்டாம் நாள் விடியற்காலை தின்றுவிடும். டிஸ்கஸ்காரர் தொட்டியெதிரே உட்கார்ந்து, "உனக்கு நான் என்ன குறை வெச்சேன்?" என்று கேட்பது அப்போதுதான்.

நாலாவது ஐந்தாவது தடவை பிழைக்கும். பொரிந்த குஞ்சுகள் மேலும் இரண்டு மூன்று நாளில் நீந்தத் தொடங்கும். நேரே போய்த் தாய் தந்தையின் விலாவில் ஒட்டிக்கொண்டு, தோலில் சுரக்கும் சளியைக் கொத்தித் தின்னும். ஒருவர் களைத்ததும் உடம்பை ஒரு வெட்டு வெட்டிக் குஞ்சுகளை உதறி மற்றவர் பக்கம் தள்ளிவிடுவார். மொத்தக் கூட்டமும் அங்கே ஓடி ஒட்டிக்கொள்ளும். இந்தக் காட்சிக்கு மட்டும் வீட்டார் அனைவரும் நாற்காலி இழுத்துப் போட்டு உட்காருவார்கள். மாமியார் தன் மகளுக்குப் பிரசவமான கதையைச் சொல்வார். டிஸ்கஸ்காரரின் மனைவி முதல்முறையாகத் தானே கேட்டு ஒரு தண்ணீர் மாற்றம் செய்வதும் இந்த நாட்களில்தான்.

அந்தத் தாய் மீன் பிறகொரு நாள் காலையில் சாய்ந்து மிதக்கும். காரணம் தெரியாது, டி.டி.எஸ். சரி, பி.எச். சரி, வெப்பம் சரி. டிஸ்கஸ்காரர் பல் துலக்காமல், காப்பி குடிக்காமல் தொட்டியருகே நிற்பார். மனைவி உள்ளே போய் அரிசி டப்பாவைத் திறந்து, சுருட்டிவைத்த நோட்டுகளை எடுத்து வந்து அவர் சட்டைப் பையில், டி.டி.எஸ். மீட்டருக்குப் பக்கத்தில், செருகுவாள்.

"நானூறு இருக்கு. போய் அதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொள்வார். கொளத்தூர் போகும் வழியில் ஏ.டி.எம். ஒன்றில் வண்டியை நிறுத்தி, மீதி மூவாயிரத்து அறுநூறை எடுப்பார்.