வீடு விற்பனைக்கு, விசும்பல் தனி

அப்பா கட்டிய வீட்டை விற்கும் துக்கத்துக்குக் கைகண்ட மருந்து, சார்பதிவாளர் அலுவலகம். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று என்று அலைகிறவருக்கு அழ நேரம் ஏது? மிச்சப் பாசத்தைத் தரகர் தீர்த்துவைப்பார். அம்மா விளக்கேற்றிய பூஜையறையை எட்டிப் பார்த்து, "இதை இடிச்சா கார் நிறுத்தலாம்மா" என்பார். கொல்லை மாமரத்துக்கு மதிப்பு பூஜ்யம்; வெட்டுக்கூலி மட்டும் நம் கணக்கில்.

அப்புறம் அண்ணன்மார். உயில் எழுதாமல் போன அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 1956-லேயே இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்லிவிட்டது. தகவல் எங்கள் கூடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. "உனக்குத்தான் நகை போட்டாச்சே, பாப்பா" என்று விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிறார்கள், காபியோடு.

தங்கைமாரே, காபியைக் குடியுங்கள். பேனாவைத் தொடாதீர்கள்.