காலிப் பெட்டி மேலே வரும்

அமெரிக்காவின் நியூ ஹாம்ஷைர் மாநிலத்தில் கான்டூக்குக் என்றொரு சிற்றூர். 1889-இல் ரயில் கம்பெனி அங்கே மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி ஒரு பாலம் கட்டியது. 1936 வெள்ளம் அதைத் தூணிலிருந்து தள்ளியது. எடுத்து வைத்தார்கள். 1938-இல் மறுபடி தள்ளியது. மறுபடி எடுத்து வைத்தார்கள். ரயில் நின்று பல காலமாகிறது. பாலம் நிற்கிறது. வெறும் மரம்தான். அதற்கே இந்த மரியாதை.

நம் மலைக்கு வாருங்கள். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலை சுமந்த குண்டளை ரயிலை 1924 வெள்ளம் அடித்துப்போனது. எடுத்து வைக்க நாதியில்லை. தேயிலைக்கு வேறு வழி கிடைத்தது. கதை முடிந்தது.

பாலக்காட்டுப் பரம்பிக்குளம் இதையும் மிஞ்சியது. காட்டு மரத்தை இறக்க, அங்கிருந்து சாலக்குடி வரை 1907-இல் டிராம் விட்டது கொச்சி சமஸ்தானம். சுமார் 80 கிலோமீட்டர். மலை செங்குத்து, மழை பேய்மழை, யானையும் புலியும் வேறு. ஒன்றும் தடையாகத் தெரியவில்லை. ஜெர்மனியிலிருந்து கம்பெனியே வந்தது. சரிவுகளில் ஒரு சாமர்த்தியம் செய்தார்கள்: மரம் ஏற்றிய பெட்டி இறங்கும் கனத்தில், வடத்தின் மறுமுனையில் காலிப் பெட்டி மேலே ஏறும். தேக்கு ஊருக்கு. காலி காட்டுக்கு. 1963-இல் கடையைக் கட்டினார்கள்.

மரத்துக்கு வழி போட்ட காட்டில் மனிதனுக்கு வழி கேட்டுப் பாருங்கள். உடனே புலிக்குத் தூக்கம் கெட்டுவிடும். சட்டப் புத்தகம் தானாகத் திறந்துகொள்ளும். பரம்பிக்குளத்து ஆதிவாசிக்குப் பஞ்சாயத்து, கேரளத்து முதலமடை. தலைமுறை தலைமுறையாக அவர் அங்கே போன வழியோ தமிழ்நாடு. மஞ்சப்பையில் ஒற்றை மனு. டாப்ஸ்லிப் தாண்டி, சேத்துமடை செக்போஸ்ட் தாண்டி, அடுத்த மாநிலத்தைச் சுற்றிக்கொண்டு சொந்த மாநிலத்துக்குள் நுழைய வேண்டியிருந்தது. போய்ச் சேர்ந்தால் ஆபீசர் மீட்டிங்கில் இருப்பார். 'நாளைக்கு வா' என்பார்கள். நாளைக்கு என்றால் மறுபடி இரண்டு மாநிலம்.

மரமாகப் பிறந்திருந்தால் நேராக இறங்கியிருக்கலாம்.

டிராம் செத்து அறுபது வருஷம் தாண்டிவிட்டது. அதன் சூத்திரம் மட்டும் சாகவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் பெட்டி நிறைய ஓட்டு கீழே இறங்குகிறது. அந்தக் கனத்தில் ஒரு வாக்குறுதி மேலே ஏறி வருகிறது. திறந்து பார்க்க வேண்டியதில்லை. காலிதான்.