வெந்நீர் வாளியும் மருதத் திணையும்: மசினகுடி மரவீட்டில் ஒரு பொருளதிகார ஆய்வு

ஐந்திணைக்குள் அடங்காத பொருள் உலகில் இல்லை என்பது நம் தமிழ்த்துறைகளின் அசையாத நம்பிக்கை. பேருந்து நிலையத்தைப் பாலை என்றும், கடற்கரைச் சுண்டலை நெய்தலின் கருப்பொருள் என்றும் நிறுவும் கட்டுரைகளைக் கேட்டபடி மதிய உணவுக்குக் காத்திருந்தவர்கள் இதை அறிவார்கள். ஆயினும் குடும்பத்தோடு காட்டோரம் போய்த் தங்குவது எந்தத் திணை என்பதை இதுவரை எவரும் ஆராயவில்லை. அந்த ஆய்வு இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக் களம், முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய மசினகுடியில் தகரக் கூரையும் ஒற்றைக் குளியலறையும் கொண்ட ஒரு மரவீடு. அதன் பெயரைச் சொல்வது ஆய்வறம் ஆகாது. அடுத்த விடுமுறைக்கும் அங்கே இடம் வேண்டும். ஆய்வு மாந்தர்: பெரியப்பா (ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்), பெரியம்மா, சித்தப்பா, சித்தி, அவர்கள் மகள், நான்.

முதுமலை 1940-இல் சரணாலயமானது. 2007-இல் புலிகள் காப்பகமானது. இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் நம் ஆய்வுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆனால் ஆண்டு போடாத கட்டுரையை ஆய்விதழ்கள் ஏற்பதில்லை.

முதலில் முதற்பொருள். நிலத்தைப் பார்த்துத் திணை சொல்வோர் இங்கே மூன்று கட்சியாகப் பிரிவர். மலை இருப்பதால் குறிஞ்சி என்பர் ஒரு சாரார். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகைக்கு ஏறும் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளே சான்று (சித்தி, வாய்மொழி, எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி). காடு இருப்பதால் முல்லை என்பர் மற்றொரு சாரார். முதுமலையின் மேற்கே பெய்கிற மழை கிழக்கே வருவதற்குள் வற்றிப்போய், மசினகுடிப் பக்கம் முள்ளும் புதருமாகக் கிடப்பதால் பாலை என்பர் வேறு சிலர். குறிஞ்சியும் முல்லையும் திரிந்ததே பாலை என்ற சிலப்பதிகாரக் கருத்தை இவர்கள் துணைக்கு அழைப்பர். நெய்தல்: கடல் இல்லை, எனவே விலக்கப்பட்டது.

மூன்று கட்சியும் தவறு. ஏன் என்பதைப் பின்னர்க் காண்போம்.

இனிக் கருப்பொருள். தெய்வம்: செல்போன் கோபுரம், வராந்தாவின் தென்கிழக்கு மூலையில், நாற்காலி மேல் ஏறி நிற்போர்க்கு மட்டும் அருள்பாலிக்கும். உணவு: வீட்டிலிருந்து கட்டி வந்த புளியோதரை, அது தீர்ந்ததும் முறுக்கு. பறை: சித்தப்பாவின் குறட்டை. யாழ்: மேற்படி, விடியலில், தாழ்ந்த சுருதியில். புள்: மயில், அதிகாலை நான்கரை மணிக்கு, ஜன்னலுக்கு வெளியே. தொழில்: போட்டோ எடுத்தல்.

விலங்கைப் பொறுத்தவரை புள்ளிமானும் குரங்கும் கேட்காமலே வரும். காட்டெருமை கேட்டால் வரும். புலி 'நேத்து' வரும். ஜீப் ஓட்டுநர், டீக்கடைக்காரர், காவலாளி என மூவரிடமும் தனித்தனியே விசாரித்ததில், நேற்றுச் சாயங்காலம் இந்த வளைவில்தான் நின்றது என்பதில் மூவரும் ஒருமித்தனர். எந்த வளைவு என்பதில் மட்டும் வேறுபட்டனர்.

மரம், பூ ஆகியவற்றில் பெரியப்பாவே அதிகாரி. குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பவர். பட்டமளிப்பு விழா முதல் பேத்தியின் பிறந்தநாள் வரை எங்கும் ஒப்பித்திருக்கிறார். மரவீட்டு வேலியோரம் ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூத்திருந்த புதர் முன் நின்று, "இதுதாம்மா காந்தள், நல்லாப் பாத்துக்கோ" என்று சித்தப்பா மகளுக்குக் காட்டினார். வாளியோடு போய்க்கொண்டிருந்த காவலாளி நின்று, "உண்ணிச்செடிங்க சார். வெளிநாட்டுச் சனியன். காடெல்லாம் பரவிப்போச்சு, வெட்டி மாளல" என்றார். பெரியப்பா சற்றும் கலங்காமல், காந்தளுக்கு அப்படியொரு வட்டார வழக்கு இருக்கலாம் என்று குறிப்பெடுத்துக்கொண்டார். அந்தக் குறிப்பு எப்போது எந்த மாநாட்டு மலரில் அடிக்குறிப்பாக வெளிவரும் என்பதை இப்போது கூற இயலாது. வந்தபின் அதை மேற்கோள் காட்ட ஆள் இருக்கும் என்பது உறுதி.

இனி உரிப்பொருள். இங்குதான் வெந்நீர் வருகிறது.

மரவீட்டில் கீசர் கிடையாது. பின்புறம் தகர டிரம்மில் விறகு வைத்துக் காய்ச்சி, காவலாளி வாளியில் கொண்டு வருவார். டிரம் ஒன்று, வாளி ஒன்று, குளியலறை ஒன்று. விடிந்ததும் தெப்பக்காட்டில் போய் நின்றால்தான் காட்டுக்குள் போகும் வண்டிக்குச் சீட்டு. இந்நிலையில் முதல்நாள் இரவு உணவின்போது பெரியம்மா, "எனக்கு வெந்நீரெல்லாம் வேண்டாம்" என்று ஒரு வாக்கியம் அருளினார்.

இதற்கு எழுந்த உரைகள் பல. பெரியப்பா நேர்ப்பொருள் கொண்டு, காவலாளியிடம் பெரியம்மா பெயரை அடித்துவிட்டார். சித்தி உள்ளுறை கண்டார்: இத்தனை பேர் இருக்கும் வீட்டில் என்னை யார் கேட்கப்போகிறார்கள் என்பது குறிப்பு, எனவே முதல் வாளி அவருக்கே. சித்தப்பாவின் உரை, முதல் வாளி காலியாக இருக்கிறது, தாம் போகலாம் என்பது. 'எல்லாம்' என்பது இடைச்செருகல் என்றும், மூலபாடம் 'எனக்கு வெந்நீர் வேண்டும்' என்பதே என்றும், ஏடு பெயர்த்தெழுதியவர் (அதாவது பெரியப்பா) காது மந்தத்தால் பிழை நேர்ந்தது என்றும் கருத இடமுண்டு (பெரியம்மா, மறுநாள் காலை 5.40, போர்வைக்குள்ளிருந்து, சுவரைப் பார்த்துக் கூறியது).

சித்தப்பா உள்ளே போய்த் தாழிட்டார். வெளியே வரிசை நின்றது. மருதத்தின் புகழ்பெற்ற துறையாகிய வாயில் மறுத்தல் இதுவே என்பதை வாசகர் இந்நேரம் ஊகித்திருப்பர். பழம்பாடல்களில் தலைவி கதவடைப்பாள்; இங்கே சித்தப்பா அடைத்தார், அவ்வளவே வேறுபாடு. பாணன் தூது போவதுபோல் சித்தப்பாவின் மகள் அனுப்பப்பட்டாள். அவள் கொண்டுவந்த மறுமொழி வருமாறு: "தலைக்கு ஊத்திட்டேன், இனிமே பாதியில வர முடியாது" (சித்தப்பா, குளியலறைக் கதவின் உட்புறமிருந்து அளித்த பேட்டி, பின்னணியில் தண்ணீர்ச் சத்தம் மிகுதி, சிதைந்த சொற்களைச் சித்தி தம் ஊகத்தால் நிரப்பித் தந்தார், அவ்வூகங்கள் அச்சேறத் தக்கன அல்ல, ஒப்பு நோக்குக: சித்தி, சென்ற தீபாவளி, எண்ணெய்க் குளியல், மேலது, மேலதற்கும் மேலது).

அன்று பகல் முழுக்கப் பெரியம்மா யாரோடும் பேசவில்லை. தெப்பக்காடு முகாமில் கேழ்வரகும் கொள்ளும் வேகவைத்துக் கட்டியாக உருட்டி, இன்ன யானைக்கு இவ்வளவு என்று கணக்காக ஊட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து, "யானைக்குக்கூட முறைவச்சுக் கவனிக்கிறாங்க" என்றார். அன்று அவர் வாய்விட்டுச் சொன்னது அவ்வளவுதான். அது யாருக்குச் சொல்லப்பட்டது என்பதற்கு உரை தேவைப்படவில்லை.

இப்போது சான்றுகளைத் தொகுத்தால் முடிவு தானே விழும். மருதத்தின் உரிப்பொருள் ஊடல், நிகழ்ந்தது ஊடல். மருதத்துக்குரிய சிறுபொழுது வைகறையும் விடியலும், நிகழ்ந்ததும் அப்போதே. வயல் இல்லையே எனின், திணை மயங்கும் என்று தொல்காப்பியரே வழிவிட்டிருக்கிறார். நிலம் மயங்காது என்றும் அவர் சொல்லியிருப்பது நமக்கு இடையூறானது. எனவே அப்பகுதியைப் பிற ஆய்வாளர்கள் செய்வதுபோல் நாமும் காணாது கடப்போம். நீர் வளம் பற்றிய ஐயம் எழுந்தால், குளியலறைக்கு வெளியே வாளி கவிழ்ந்த இடத்தில் தேங்கிய நீரைக் காட்டலாம்.

ஆகவே மசினகுடி மருதம். மறுப்புரை எழுதும் அறிஞர்கள் நூலகத்தில் உட்கார்ந்து எழுதாமல் களத்துக்கே வந்து எழுத வேண்டுகிறேன். நீலகிரிக்கு வர 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருந்தால் சோதனைச் சாவடியில் வாங்கிவைத்துவிடுவார்கள். வாளிக்குத் தடை இல்லை, ஆளுக்கொன்று கொண்டுவாருங்கள்.