லென்ஸை விடுதலை செய்யுங்கள்!

கேள்வி: தவணையில் 150–600 மி.மீ. லென்ஸ் வாங்கினேன். மகன் ஆடிய பள்ளிப் பந்தாட்டத்தில் ஒரு படம்கூடத் தெளிவாக இல்லை. லென்ஸ் கோளாறா? (கிள்ளான்)

பதில்: தவணை முடிவதற்குள் லென்ஸைக் குற்றவாளி ஆக்காதீர்கள். ஷட்டர் வேகத்தை விசாரியுங்கள். 600 மி.மீ.யில் உங்கள் கை நடுக்கத்தை மறைக்கவே 1/600-க்குக் குறையக் கூடாது. ஓடும் பையனுக்கு 1/1000, பந்தை உதைக்கும் காலுக்கு 1/2000. வெளிச்சம் போதவில்லையா? ஐஎஸ்ஓவை 3200, 6400 என்று தயங்காமல் ஏற்றுங்கள். புள்ளி புள்ளியாக வந்த படத்தை வீட்டில் சரிசெய்யலாம். ஆடிப்போன படத்தை அழிக்கத்தான் முடியும். ஃபோக்கஸ் ‘தொடர்’ முறையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் மகன் போன பிறகு அவன் நின்ற புல் மட்டும் பளிச்சென்று விழும்.

கேள்வி: லென்ஸில்தான் நடுக்கத் தடுப்பு இருக்கிறதே? (பத்து தீகா)

பதில்: அது உங்கள் கையைப் பிடிக்கும். பையனைப் பிடிக்காது.

கேள்வி: மதியம் 3 மணி ஆட்டம். 1/2000 வைத்தும் எதிர்முனை கோல்கீப்பர் தண்ணீருக்குள் நிற்பதுபோல் தெரிகிறார். (ஷா ஆலம்)

பதில்: அது கானல். சூடேறிய திடலிலிருந்து எழும் காற்று ஒளியை வளைக்கிறது. ஐம்பதாயிரம் ரிங்கிட் லென்ஸாலும் அதற்குப் பரிகாரம் இல்லை. கானலின் அலையைக்கூட நுணுக்கமாகக் காட்டிவிடும், அவ்வளவுதான். எதிர்முனையை விட்டுவிட்டு உங்கள் பக்கத்துக் கோலில் போய் உட்காருங்கள். நீள லென்ஸ் இருக்கிறது என்பதற்காகத் தூரத்தில் நிற்க வேண்டும் என்று யார் சொன்னது?

கேள்வி: பூப்பந்தில் ஸ்மாஷ் அடிக்கும்போது இறகுப்பந்தைத் தெளிவாக எடுக்க வழி? (செத்தியா ஆலம்)

பதில்: இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் அடித்த கின்னஸ் ஸ்மாஷின் வேகம் மணிக்கு 565 கி.மீ. 1/1000 வினாடியில் அந்தப் பந்து சுமார் 16 செ.மீ. போய்விடும்! பந்தைத் துரத்தாமல் முகத்தைப் பிடியுங்கள். 2022-லும் 2024-லும் ஆசியக் குழுப் போட்டி உங்கள் ஊர் மாநாட்டு மையத்தில்தான் நடந்தது. நம் கிள்ளான் வீராங்கனை தீனா வலையருகே பாயும்போது பந்தையா பார்ப்பீர்கள்? உள்ளரங்கத்துக்கு 600 மி.மீ. வேண்டாம், 70–200 எஃப்/2.8 போதும். 150–600-இன் எஃப்/6.3-இல் எஃப்/2.8-இன் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே வரும். இன்னொன்று: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை கண்சிமிட்டும். ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வந்தால் கேமராவின் சிமிட்டல் தடுப்பைப் போடுங்கள்.

கேள்வி: மோட்டார்சைக்கிள் பந்தயத்தில் 1/4000 வைத்தேன். படம் தெளிவு, ஆனால் ஏதோ குறைகிறது. (பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: வேகம்தான் குறைகிறது. சக்கரம் சுழலாவிட்டால் வண்டியை நிறுத்தி வைத்துப் படம் எடுத்தது போலிருக்கும். பார்க்கிங் கட்டணம் கேட்டாலும் கேட்பார்கள். 1/125-க்கு இறங்கி, இடுப்போடு திரும்பி, வண்டியின் வேகத்துக்கே கேமராவை ஓட்டுங்கள். 1991 முதல் 1997 வரை பத்து தீகாவில் உலகப் பந்தயம் நடந்தபோது ஃபிலிமில் எடுத்தவர்கள், ரோல் கழுவி வரும்வரை தேறியதா என்று தெரியாமல்தான் எடுத்தார்கள். நீங்கள் உடனே பார்த்து, அழித்து, மறுபடி எடுக்கலாம்.

கேள்வி: ஷா ஆலம் அரங்கத்தைத்தான் இடித்துவிட்டார்களே, எங்கே பழகுவது அண்ணே? (கோத்தா கெமுனிங்)

பதில்: பள்ளித் திடலில், தம்பி. மாலை ஐந்தரைக்கு மேல், சூரியனை முதுகில் வைத்து, ஒற்றைக்கால் தாங்கியோடு உட்காருங்கள். பிள்ளைகளின் படத்தை வெளியே போடும் முன் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.